பாருக்கு யார் ரிவ்யூ எழுதணும்?

போன மாசம் நாட்டிங்ஹாம்ல இருந்து என் காலேஜ் நண்பன் ஒருத்தன் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். மொத்தம் பதினொரு நிமிஷம். இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் முடிச்சுட்டு அங்கயே வேலையில இருக்கான். சனிக்கிழமை ஆனா ஒரு பப்புக்குப் போறது, ஞாயித்துக்கிழமை அதுக்கு ரிவ்யூ எழுதறது, இதுதான் இப்ப அவன் பொழுதுபோக்கு. கடைசியில ஒரு சவால் விட்டான்: "மச்சி, நீயும் சேலத்துல ஏதாவது ஒரு பாருக்கு இதே மாதிரி ஒண்ணு எழுதி அனுப்பு பார்ப்போம்."

சரி, நாலு பாரா தானேன்னு அஸ்தம்பட்டியில வீட்டு மாடியில லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஒரு பாரா கூட வரல. ஏன் வரலைங்கறதுதான் இன்னைக்கு எபிசோடு. குடிக்கச் சொல்ற எபிசோடு இல்ல இது. குடிக்காதவங்க அவசியம் கேட்கணும், காரணம் கடைசியில புரியும்.

அவன் எழுதறதுல என்ன இருக்கு?

நாட்டிங்ஹாம்ல கோட்டை நிக்கிற பாறைக்குக் கீழ, மணற்பாறையைக் குடைஞ்ச குகைகளோட ஒரு பப் இருக்கு. பேரு 'ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்'. சுவத்துல 1189னு பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க. அதே ஊர்ல இன்னும் ரெண்டு பப்புகள் 'நாங்கதான் ரொம்பப் பழசு'ன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. இப்ப நிக்கிற கட்டடம் சுவத்துல இருக்கற வருஷம் அளவுக்குப் பழசில்லன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. என் நண்பன் அந்தச் சண்டையைப் பத்தியே ஒரு பாரா எழுதியிருந்தான்.

கவனிச்சுப் பார்த்தா அவன் ரிவ்யூவுல பீரைப் பத்தி ரெண்டே வரிதான். மிச்சமெல்லாம் இடத்தைப் பத்தி. கிளாஸ் சுத்தமா இருந்துச்சா? பாட்டுச் சத்தத்துக்கு நடுவுல பேச முடிஞ்சுதா? தனியா வந்த பொண்ணு ஒருத்தங்க நிம்மதியா உட்கார்ந்து புக் படிக்க முடிஞ்சுதா? டாய்லெட் எப்படி? கடைசி டிராமைப் பிடிக்கலாமா?

இது அவன் கண்டுபிடிச்ச முறை இல்ல. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946ல 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில தனக்குப் பிடிச்ச பப் எப்படி இருக்கும்னு ஒரு கட்டுரை எழுதினாரு. அதுலயும் பெரும்பகுதி சூழல், பேச்சு, பரிமாறுறவங்க, குழந்தைகளோட போக ஒரு தோட்டம், இதெல்லாம்தான். கடைசியில அப்படி ஒரு பப்பே கிடையாதுன்னு அவரே போட்டு உடைச்சிடுவாரு.

அப்புறம் 1971ல நாலு இளைஞர்கள் சேர்ந்து 'காம்ரா'ன்னு ஒரு அமைப்பைத் தொடங்கினாங்க. பெரிய கம்பெனிகள் உள்ளூர் பீரை ஒழிச்சுட்டு எல்லா ஊருக்கும் ஒரே சரக்கை இறக்கறாங்கங்கறது அவங்க கோபம். 1974ல பப்புகளுக்கு ஒரு வழிகாட்டி நூல் அச்சடிச்சாங்க. அதுல ஒரு பெரிய கம்பெனியைப் பத்தி எழுதியிருந்த வரி ரொம்பக் காரமா இருக்கவே, அச்சாகிற நேரத்துல நிறுத்தி, வார்த்தையைக் கொஞ்சம் தணிச்சு வெளியிட்டாங்க. அந்தப் புத்தகம் இன்னமும் வருஷா வருஷம் வருது.

அப்ப ஒரு ரிவ்யூ வேலை செய்யணும்னா மூணு விஷயம் வேணும். ஒண்ணு, இது பிடிக்கலன்னா அடுத்த கடைக்குப் போக வழி இருக்கணும். ரெண்டு, நீங்க போகாம விட்டா அந்த ஓனருக்கு வலிக்கணும். மூணு, நீங்க எழுதறதை அடுத்தவன் படிச்சு முடிவெடுக்கணும்.

நம்ம சேலத்துல இது மூணும் அழகா வேலை செய்ற இடம் ஒண்ணு இருக்கு: தட்டுவடை செட். எந்தத் தள்ளுவண்டியில சட்னி காரம், எங்க பீட்ரூட் துருவல் புதுசு, எங்க தட்டுவடை நமத்துப் போச்சுன்னு வரிசையா வீடியோ கிடக்குது. ஒரு வண்டியில ருசி குறைஞ்சா கூட்டம் அடுத்த வண்டிக்கு நகர்ந்துடும். அவரும் மறுநாளே சரி பண்ணிடுவாரு.

முதல் கட்டத்துலயே மாட்டிக்கிட்டேன்

பாருக்கு வருவோம். ரிவ்யூ படிவத்துல முதல் கேள்வி, கடை பேரு. நம்ம ஊர்ல பெரும்பாலான மதுக்கடைக்குப் பேரே கிடையாது, நம்பர்தான். பேரில்லாத கடைக்கு நல்ல பேரும் கெட்ட பேரும் எப்படி வரும்?

இதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு, அது நம்ம மாவட்டத்துலதான் ஆரம்பிக்குது. ராஜாஜி சேலத்துல வக்கீலா இருந்தவரு, 1917ல இருந்து 1919 வரை சேலம் நகராட்சித் தலைவரு. அப்புறம் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சு, அங்கிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை நடத்தினாரு. கல்கி அதுல அவருக்குத் துணையா இருந்தாரு. 1937ல ராஜாஜி சென்னை மாகாண அரசுக்குத் தலைமை ஏத்ததும், அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி மாகாணத்துலயே முதன்முதலா மதுவிலக்கு வந்த மாவட்டம் சேலம். இன்னைக்கு இருக்கற நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்ப சேலம் மாவட்டம்தான்.

கடையை மூடினா வருமானம் போகும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1939ல விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தாங்க. அதாவது, 'மதுவை விட்டா அரசுக்குப் பணம் எங்கிருந்து வரும்'ங்கற கேள்வியும் நம்ம மாவட்டத்தை வெச்சே ஆரம்பிச்சது.

அதுக்கப்புறம் ஒரே இழுபறிதான். போர்க் காலத்துல மதுவிலக்கை நிறுத்தினாங்க. 1948ல மாகாணம் முழுக்கக் கொண்டுவந்தாங்க. 1971ல தளர்த்தினாங்க, 1974ல திரும்ப மூடினாங்க, 1981ல திரும்பத் திறந்தாங்க. 1983ல மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் வந்துச்சு. 2003 நவம்பர்ல சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கே போச்சு. 2023–24ல மதுவால அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல.

இப்ப அந்த மூணு விஷயத்தைத் திரும்பப் பாருங்க. இந்தக் கடை பிடிக்கலன்னு நீங்க போற அடுத்த கடையும் அதே நிறுவனம்தான். நீங்க போகாம விட்டா வலிக்கிற ஓனர்னு ஒருத்தர் இல்ல.

'அது கடை, நீ பாரைப் பத்தித்தானே எழுதப் போற'ன்னு கேட்கலாம். பாரோட கணக்கு இன்னும் வினோதம். பாட்டில் விக்கறது அரசுக் கடை. பக்கத்துல இருக்கற பாரை டெண்டர்ல ஒரு தனியார் எடுத்து நடத்துவாரு. டெண்டர்ல அவருக்குக் கிடைக்கிற உரிமை ரெண்டு: தின்பண்டம் விக்கறது, காலி பாட்டில் சேகரிக்கறது. நல்லா கேளுங்க, உட்காரவர்ற ஆளைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல. சுண்டலும் காலி பாட்டிலும்தான் சரக்கு. டெண்டர் காலம் முடிஞ்சா அடுத்த வருஷம் யார் கையில இருக்கும்னு தெரியாத இடத்துக்கு நல்ல நாற்காலியும் டைல்ஸ் போட்ட டாய்லெட்டும் யார் செலவு பண்ணுவாங்க? 2022ல சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு தனி நீதிபதி, இந்த பார்களை நடத்தச் சட்டத்துலயே இடமில்ல, ஆறு மாசத்துல மூடுங்கன்னு உத்தரவு போட்டாரு. மேல்முறையீட்டுல அதுக்குத் தடை வந்துச்சு. அப்படியே ஓடுது.

நட்சத்திர ஹோட்டல் பார்களுக்கு மட்டும் ரிவ்யூ ஏராளமா இருக்கு. அங்க பேரு இருக்கு, ஓனர் இருக்கார், போட்டியும் இருக்கு.

என் தொழில் பாஷையில சொல்லணும்னா, இது மானிட்டரிங் இல்லாத சர்வர். ஓடிக்கிட்டே இருக்கும், உள்ள என்ன எரியுதுன்னு யாருக்கும் அலர்ட் போகாது.

இன்னொரு ரிவ்யூ

இதை அப்படியே நண்பன்கிட்ட சொன்னேன். அவன் சொன்ன பதில்தான் எனக்குப் புதுசு. "டேய், இங்க ரெண்டு ரிவ்யூ இருக்கு. நான் எழுதறது ஒண்ணு. பக்கத்து வீட்டுக்காரங்க போடறது இன்னொண்ணு."

தேடிப் படிச்சேன். இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 2003ல ஒரு லைசன்ஸ் சட்டம் போட்டாங்க, 2005 நவம்பர்ல நடைமுறைக்கு வந்துச்சு. பப், பார், நைட்கிளப் எதுவானாலும் லைசன்ஸ் குடுக்கறது உள்ளூர் கவுன்சில், அதாவது நம்ம மாநகராட்சி மாதிரி. புதுசா கடை வைக்கிறவர் வெளிர் நீலக் காகிதத்துல அறிவிப்பு அடிச்சு, அந்த இடத்து வாசல்ல 28 நாள் ஒட்டி வைக்கணும். தெருவுல போறவங்க யார் வேணும்னாலும் படிச்சுட்டு ஆட்சேபம் எழுதலாம்.

லைசன்ஸ் குடுத்த பிறகும் கதை முடியல. சத்தம், அடிதடி, சின்னப் பசங்களுக்கு விக்கறதுன்னு ஏதாவது நடந்தா, அந்தத் தெருக்காரர் ஒருத்தரே கவுன்சிலுக்கு எழுதி லைசன்ஸை மறுபரிசீலனை பண்ணச் சொல்லலாம். சட்டத்துல அதுக்குப் பேரே ரிவ்யூதான். கவுன்சில் நாலு விஷயத்தை வெச்சுப் பார்க்கும்: குற்றம் தடுக்கறது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லை இல்லாம இருக்கறது, குழந்தைகளைக் காப்பாத்தறது. ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிச்சு, நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை போடலாம், மூணு மாசம் வரை நிறுத்தி வைக்கலாம், லைசன்ஸையே ரத்து பண்ணலாம்.

குடிச்சவன் எழுதற ரிவ்யூவால கடைக்கு ஸ்டார் குறையும். குடிக்காதவங்க எழுதற ரிவ்யூவால கடையே மூடலாம். எது பெருசு?

இங்க எழுதப்பட்ட ரிவ்யூக்கள்

நம்ம ஊர்லயும் விதி இல்லாம இல்ல. மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில கோயில், பள்ளிக்கூடத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள மதுக்கடை இருக்கக் கூடாது, மத்த இடத்துல 100 மீட்டர். ஆனா கடை வர்றதுக்கு முன்னாடி உங்க தெரு வாசல்ல 28 நாள் ஒரு காகிதம் ஒட்டி உங்ககிட்ட யாரும் கேட்கறதில்ல. வந்த பிறகு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுக்கலாம். மனு எங்க போகுது, எத்தனை நாள்ல யார் விசாரிக்கணும்னு மனு குடுத்த அம்மாவுக்குத் தெரியாது.

அதனால நம்ம ஊர் ரிவ்யூ வேற வழியில வருது. தேசிய, மாநில நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர்ல உத்தரவு போட்டுச்சு. மூடின கடைகளைக் குடியிருப்புப் பக்கம் மாத்தப் பார்த்தப்ப, 2017ல ஊர் ஊரா பெண்கள் ரோட்டுல உட்கார்ந்தாங்க. அதுதான் அவங்க எழுதின ரிவ்யூ. நீலகிரியில உடைஞ்ச பாட்டில் வன விலங்குகள் காலைக் கிழிக்குதுன்னு உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2022ல, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலியைத் திருப்பிக் குடுத்தா அந்தப் பத்து ரூபாயைத் தர்ற திட்டம் வந்துச்சு. யானைக்குக் கூட வக்கீல் வெச்சுத்தான் ரிவ்யூ போட முடிஞ்சது.

இன்னொண்ணு சொல்லாம இந்த எபிசோடை முடிக்க முடியாது. சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள். 2013ல சென்னையில முப்பது நாளுக்கு மேல உண்ணாவிரதம் இருந்தவரு. 2015 ஜூலை 31ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் டவர்ல ஏறிப் போராடினப்ப இறந்து போனாரு. நாட்டிங்ஹாம்ல ஒருத்தர் ஒரு படிவத்தை நிரப்பிக் கேட்கற விஷயத்தை, நம்ம மாவட்டத்துக்காரர் டவர்ல ஏறிக் கேட்க வேண்டியிருந்தது.

நான் அனுப்பினது

அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். அத்தை வீட்டுக்குப் போற வழியில ஒரு பார் இருக்கு. "அது எப்படிம்மா இருக்கும்?"னு கேட்டேன். "எனக்கு எப்படிடா தெரியும்? அது வந்த நாள்ல இருந்து நான் எதிர்ப்பக்கமாத்தானே நடக்கறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலன்னா சுத்திக்கிட்டு கோயில் தெரு வழியா போயிடுவேன்"னு சொன்னாங்க. ஒரு நிமிஷம் பேச்சே வரல. இத்தனை வருஷம் அந்த ரோட்டுல வண்டியில போற எனக்கு இது தெரியாது.

அதைத்தான் எழுதி அனுப்பினேன். உள்ள போகவே இல்ல. அஞ்சு கேள்வி வெச்சுக்கிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு வாசல்ல தெருவிளக்கு எரியுதா? ஒரு பொண்ணு அந்தப் பக்கமே நடந்து போக முடியுதா? பக்கத்துல பஸ் ஸ்டாப், டியூஷன் சென்டர் இருக்கா? காலையில அந்த இடத்தைக் கூட்டறது யாரு, பாட்டில் சில்லு யார் கால்ல குத்துது? பத்து மணிக்குக் கடை மூடினதும் வெளிய வர்றவங்க எப்படி வீட்டுக்குப் போறாங்க, பைக்லயா?

நண்பன் படிச்சுட்டு, "இதுல சரக்கைப் பத்தி ஒரு வரி கூட இல்லையேடா"ன்னான். "உன் ரிவ்யூவுல ரெண்டு வரிதானே இருந்துச்சு"ன்னேன்.

கேட்கறவங்களுக்கு ஒரு வேலை. உங்க தெருவுல இருந்து பக்கத்து பார் வரைக்கும் ஒரு நாள் சாயங்காலம் நடந்து பாருங்க, அந்த அஞ்சு கேள்விக்கும் பதில் எழுதுங்க. வீட்டுல இருக்கற பெண்கள்கிட்டயும் கேட்டு எழுதுங்க. தேதி போட்டு, ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணை திங்கட்கிழமை மனுவா குடுங்க, ரசீது வாங்கிக்கோங்க. நம்ம ஊர்ல வாசல்ல நீலக் காகிதம் ஒட்டற வழக்கம் வர்ற வரைக்கும் நம்ம ரிவ்யூ அதுதான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.