உறை உலர்த்திய பெப்டைடுகளைக் கரைத்தலும் சேமித்தலும்

உறை உலர்த்திய பெப்டைடு என்பது, அமினோ அமிலச் சங்கிலிகளின் கரைசலை உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேரடியாக ஆவியாக்கிப் பெறும் தூள் ஆகும். இது −20 °செ அல்லது அதற்கும் கீழ், ஒளி படாமல் வைக்கப்படுகிறது.

குப்பியைக் குளிர்ச்சியோடு திறப்பதே பரவலான தவறு. மன்னார்குடி போன்ற காவிரிக் கழிமுக ஊர்களில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில், காற்றின் ஈரம் குளிர்ந்த தூளில் உடனே படியும். பல பெப்டைடுகள் அதை உறிஞ்சிச் சிதையத் தொடங்கும். எனவே மூடிய குப்பி, சிலிக்கா ஜெல் இட்ட உலர்கலனில் அறை வெப்பநிலையை அடைந்த பின்னரே திறக்கப்படும்.

தூளின் எடை முழுவதும் பெப்டைடு அன்று. நீரும், தயாரிப்பின்போது சேரும் ட்ரைஃபுளோரோஅசிட்டேட் போன்ற உப்பும் அதில் உண்டு. சீட்டில் தூய்மை 98% என்றிருந்தாலும் இதுவே நிலை, ஏனெனில் அந்த எண் வேறு பெப்டைடுகளின் கலப்பை மட்டுமே காட்டும். நிகர பெப்டைடு அளவு 80% எனில், 1 மி.கி. தூளை 0.8 மி.கி. என்றே கொள்ள வேண்டும். தவறினால் ஆய்வின் செறிவுகள் அனைத்தும் பிழையாகும்.

லைசின், ஆர்ஜினின் மிகுந்தவை பெரும்பாலும் நீரில் கரையும். தேவையெனில் சிறிது அசிட்டிக் அமிலம் சேர்க்கலாம். நீர்வெறுப்பு மிகுந்தவற்றை முதலில் டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து, தாங்கல் கரைசலில் சொட்டுச்சொட்டாக விடுவர். சிஸ்டீன், மெத்தியோனின் கொண்டவற்றை அது ஆக்சிசனேற்றக்கூடும் என்பதால் அவற்றுக்கு ஏற்றதன்று.

கரைசல் தூளைப் போல நெடுநாள் தாங்காது. ஒரு முறைக்குப் போதுமான சிறு பங்குகளாகப் பிரித்தே உறையவைக்க வேண்டும். தானே பனி நீக்கும் வீட்டுக் குளிர்பெட்டி இதற்கு உதவாது. அதன் உறைபகுதி வெப்பநிலை அவ்வப்போது ஏறி இறங்கும்.