சொல்லப்படாத உண்மை



பிள்ளை மீன் கேட்டால் எந்தத் தகப்பனும் பாம்பைக் கொடுக்கமாட்டான் என்பதை ஆண்டவர் இயேசு நமக்கு நினைவூட்டினார். ஆனால் 1986ஆம் ஆண்டில் உக்ரைன், பெலாரூஸ் நாட்டுக் கிராமங்களில் எத்தனையோ தாய்மார்கள், தாங்கள் அறியாமலேயே, பாலோடு நஞ்சையும் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். குற்றம் அந்தத் தாய்மார்களுடையது அல்ல.

அந்த ஆண்டு ஏப்ரல் 26 அதிகாலையில், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காம் உலை வெடித்தது. காற்றில் பரவிய கதிரியக்கப் பொருள்களில் அயோடின்-131 என்பதும் ஒன்று. அது புல்லின்மேல் படிந்தது. புல்லை மேய்ந்த பசுவின் பாலில் ஓரிரு நாட்களில் வந்து சேர்ந்தது.

நம் கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. உடல் வளர்ச்சிக்குத் தேவையான சுரப்புநீரை உண்டாக்க அதற்கு அயோடின் வேண்டும். இதற்காகத்தான் நாம் அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துகிறோம். நல்ல அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று அந்தச் சுரப்பிக்குப் பிரித்தறியத் தெரியாது; இரண்டையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். குழந்தைகள் அதிகம் பால் குடிப்பார்கள். அவர்களுடைய சுரப்பியோ மிகச் சிறியது. எனவே பெரியவர்களைவிடப் பல மடங்கு பாதிப்பு அவர்களுக்கே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அயோடின்-131 எட்டு நாட்களில் பாதியாகக் குறைந்துவிடும்; மூன்று மாதங்களில் ஏறக்குறைய மறைந்தே போகும். "சில வாரங்களுக்குப் பால் கொடுக்காதீர்கள்" என்று உடனே சொல்லியிருந்தால் போதும், பெரும் தீங்கைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் சுவீடன் நாட்டில் கதிரியக்கம் கண்டறியப்பட்ட பிறகே, ஏப்ரல் 28 இரவில், சோவியத் அரசு சில வரிகளில் செய்தி வெளியிட்டது. மே முதல் நாள் கீவ் நகரில் ஊர்வலம் வழக்கம்போல் நடந்தது. பல கிராமங்களுக்கு எச்சரிக்கை காலம் கடந்தே வந்தது.

அண்டை நாடான போலந்திலும் அன்று இருந்தது கம்யூனிச அரசுதான். ஆனால் அங்கே 28ஆம் தேதி கதிரியக்கத்தைக் கண்டவர்கள், மறுநாளே குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல அயோடினால் சுரப்பி முன்பே நிரம்பிவிட்டால், கெட்டதற்கு அங்கே இடமில்லை. சில நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது கொடுக்கப்பட்டது. போலந்தில் விழுந்த கதிரியக்கத் தூசி குறைவுதான் என்றாலும், அவர்கள் காத்திருக்கவில்லை.

பெலாரூசிலும் உக்ரைனிலும் சுமார் நான்கு ஆண்டுகளில் குழந்தைகளிடையே தைராய்டு புற்றுநோய் பெருகத் தொடங்கியது. விபத்தின்போது 18 வயது நிரம்பாதிருந்தவர்களில், 1991 முதல் 2015 வரை, இவ்விரு நாடுகளிலும் ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளிலும் 19,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டறியப்பட்டதாக ஐ.நா. அறிவியல் குழு கூறுகிறது. அவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கதிர்வீச்சால் வந்தது என்பது அதன் கணிப்பு. பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தார்கள், இறைவனுக்கு நன்றி! ஆயினும் கழுத்தில் தழும்பும், வாழ்நாள் முழுவதும் மாத்திரையும் அவர்களில் பலருக்கு எஞ்சின.

(அயோடின் மாத்திரை தைராய்டை மட்டுமே காக்கும். சுகாதாரத் துறை சொல்லும்போது மட்டுமே அதை உண்ணவேண்டும். உப்பை அதிகம் உண்பது அதற்கு ஈடாகாது.)

அன்பார்ந்தவர்களே, திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்த பாவங்களை மட்டுமல்ல, செய்யத் தவறியவற்றையும் அறிக்கையிடுகிறோம். மக்கள் பீதியடைவார்கள் என்று காரணம் சொல்லி, தெரிந்தவர்கள் மௌனம் காத்தார்கள். அதன் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். நாமும் ஊர்க்கிணறு கெட்டது தெரிந்தும், விற்கும் பொருளில் குறை இருப்பது தெரிந்தும், "நமக்கேன் வம்பு" என்று இருந்ததில்லையா? அடுத்தமுறை பாவ அறிக்கை சொல்லும்போது, நம் மௌனத்தால் யாருடைய பிள்ளைக்குத் தீங்கு வந்தது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போம். உண்மையை உரிய காலத்தில் சொல்லும் துணிவைத் தூய ஆவியார் நமக்குத் தருவாராக!