கேரவன் வாசலில் ஒரு துணிச்சார்ப்பு

பர்மிங்காமின் என்.இ.சி. அரங்கில் பிப்ரவரியில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு கேரவன் கண்காட்சிகள் நடக்கும். அங்கே விரித்து நிறுத்தியிருக்கும் துணிச்சார்ப்புகளில் எதைப் பார்த்தாலும் வாங்கத் தோன்றும். சுருக்கமே இல்லாத துணி, உள்ளே இரண்டு சாய்வு நாற்காலி, மேலே ஒரு விளக்கு. அரங்குக்குள் காற்று கிடையாது, மழை கிடையாது, தரையில் மேடுபள்ளமும் கிடையாது. ஒரு சார்ப்பு எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை முடிவுசெய்வதோ இந்த மூன்றும்தான்.

படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் அல்ல இது. காரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் சிறிய சக்கர வீடு. பிரிட்டனில் விடுமுறை விட்டால் போதும், கார்ன்வால் கடலோரம், ஏரி மாவட்டம், ஸ்காட்லாந்து மலைப்பகுதி என்று இவை புறப்பட்டுவிடும். போன இடத்தில் நனைந்த செருப்பையும் மழைச்சட்டையையும் நாயையும் வைக்க வாசலில் ஒரு மறைப்பு வேண்டும். அதுதான் போர்ச் ஆனிங்.

முழு ஆனிங் என்றொரு பெரிய உறவுக்காரரும் இதற்கு உண்டு. கேரவனின் ஒரு பக்கம் முழுவதையும் அது அணைத்து நிற்கும். தரையில் தொடங்கி, பக்கச்சுவரின் விளிம்போடு மேலேறி, கூரை ஓரமாகவே சென்று, அதே பக்கத்தின் மறுமுனையில் தரை வரை அளந்து அதன் அளவைச் சொல்வார்கள். போர்ச் வகைக்கு அகலம் மட்டும்தான் கணக்கு. 220 சென்டிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 400 வரை கிடைக்கும். ஓரிரவு, ஈரிரவு தங்கி நகர்பவர்களுக்குச் சிறியதே போதும். எடையையும் பார்க்க வேண்டும். பல கேரவன்களில் சொந்தச் சாமான் ஏற்ற அனுமதித்த எடையே 150 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கேஸ் சிலிண்டர், துணிமணி, பாத்திரம், தண்ணீர்க் குடம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதில் 20 கிலோவைச் சார்ப்பு தின்றுவிட்டால் பிறகு சட்டைகளைக்கூட எண்ணித்தான் எடுக்க வேண்டும்.

வாங்கப் போகுமுன் கேரவனின் சுவரை அளந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் முதலில் அகலத்தைச் சொல்வார், பிறகு விலையை. நாம் கேட்க வேண்டியது, சார்ப்பின் பின்பக்க இரண்டு செங்குத்து ஓரங்களும் சுவரில் எங்கே வந்து அமரும் என்பதை. அந்த ஓரங்களில் பஞ்சு அடைத்த பட்டை இருக்கும்; உள்ளிருந்து கழியோ காற்றுக்குழாயோ அதைச் சுவரோடு அழுத்தும். அமரும் இடம் சமதளமாக இருக்க வேண்டும். ஜன்னல் விளிம்பிலோ ஃப்ரிட்ஜின் காற்றுத்துளையிலோ வந்து விழுந்தால் மழையும் காற்றும் அந்த இடுக்கு வழியாக உள்ளே வரும். தண்ணீர் சூடாக்கியின் புகைவாய் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அது சார்ப்புக்குள் மாட்டிக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தேங்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரி அடுப்பைச் சார்ப்புக்குள் கொண்டுவரவே கூடாது என்பதும் இதனால்தான். தணல் அவிந்ததுபோல் தெரியும்போதும் அது அந்த வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

உயரமும் உண்டு. கூரை ஓரத்தில் ஓடும் அலுமினியக் காடிக்குள்தான் சார்ப்பின் மேல்விளிம்பு நுழையும். தரையிலிருந்து அந்தக் காடி 235 முதல் 250 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் என்று எண்ணியே பெரும்பாலான சார்ப்புகளைத் தைக்கிறார்கள். உங்கள் காடி அதைவிட உயரமென்றால் அடியில் இடைவெளி விழும். தாழ்வென்றால் துணி தரையில் மடிந்து கிடக்கும்.

துணி விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. பூச்சு பூசிய பாலியெஸ்டர் மலிவு, எடை குறைவு. ஆனால் விடியற்காலையில் உட்புறம் வியர்த்துக் கொட்டும். அக்ரிலிக் சுவாசிக்கும், நிறம் வெளுக்காது, விலை கடிக்கும். டென்மார்க்கின் இசபெல்லா நிறுவனம் 1957 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. அதன் அக்ரிலிக் சார்ப்புகளைப் பழையதாகக் கிடைத்தாலும் தேடி வாங்குவார்கள்.

கழியா காற்றா என்பதில்தான் இப்போது சண்டை. காற்றடைக்கும் வகையில் கழிகளை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். பம்பை நாலு நிமிஷம் இடித்தால் சார்ப்பு எழுந்துவிடும். விற்பவர் இந்த நாலு நிமிஷத்தைத்தான் காட்டுவார். அதன் பிறகு முளையடிக்க ஆகும் அரைமணி நேரம் இரண்டு வகைக்கும் பொதுவானது என்பதைச் சொல்ல மாட்டார். பலத்த காற்றில் குழாய் வளைந்து கொடுத்து மறுபடி நிமிரும். இரும்புக் கழி வளைந்தால் வளைந்ததுதான். ஆனால் ஒரு கழி போனால் ஒரு கழியை மட்டும் மாற்றினால் போதும். என்னைக் கேட்டால், அடிக்கடி இடம் மாறும் தம்பதிக்குக் காற்று வகை. ஒரே இடத்தில் இரண்டு வாரம் கிடப்பவர்களுக்குக் கழி.

இனி கட்டும் வேலை. காடியில் நுழைக்கும்போது ஒருவர் துணியைக் கீழிருந்து ஊட்ட வேண்டும், இன்னொருவர் இழுக்க வேண்டும். ஒற்றை ஆளாக இழுத்தால் காடியின் வாயிலுள்ள கூர்விளிம்பு துணியைக் கிழிக்கும். இடத்தில் வந்து நின்றதும் கதவு ஜிப்புகள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் முளையில் கைவைக்க வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு அடித்தால் பிறகு ஜிப் ஒருபோதும் சேராது. முதலில் சுவரை ஒட்டிய இரண்டு மூலைகள், அடுத்து முன்மூலைகள், கடைசியில் இடைப்பட்டவை. முளையின் தலை சார்ப்பை விட்டு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் செங்கோணத்தில் சந்தித்தால் பிடி இறுகும்.

சார்ப்போடு பையில் வரும் மெல்லிய கம்பி முளைகள் புல்தரைக்குத்தான் ஆகும். பிரிட்டிஷ் முகாம்களில் இப்போது பெரும்பாலும் இறுக்கிய சரளைத்தளம். அதில் இரண்டு அடி விழுந்ததுமே அவை கொக்கியாக வளைந்துவிடும். அங்கே தடித்த எஃகு முளை வேண்டும், அல்லது பேட்டரி டிரில்லால் முடுக்கும் திருகுமுளை வேண்டும். மணலுக்கு நீண்டு அகன்றவை. சார்ப்பின் விலையில் பத்தில் ஒரு பங்கை முளைக்கு ஒதுக்குங்கள் என்பேன். யாரும் கேட்பதில்லை.

காற்று சார்ப்பை வெளியிலிருந்து தள்ளுவதைவிட உள்ளே புகுந்து தூக்குவதுதான் ஆபத்து. கேரவனின் அடிவயிறு திறந்து கிடப்பதால் காற்று அந்த வழியாகத்தான் நுழையும். கீழ்க்காடியில் செருகும் பாவாடைத்துணியும் சக்கரத்தை மறைக்கும் துணியும் அழகுக்கென்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் புயல்பட்டைக்கு முன்பே போட வேண்டியவை அவை. புயல்பட்டை என்பது முன்மூலைகளிலிருந்து இறங்கும் அகலமான நாடா. சுருள்வில்லோடு வருவது நல்லது. தரையில் பிடிக்கும் ரப்பர் வளையங்களைப் போல அந்த வில்லும் காற்றின் குத்தைத் தான் வாங்கிக்கொண்டு துணியின் தையலைக் காப்பாற்றும்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் காற்றில் சிரித்துக்கொண்டு நின்ற சார்ப்பு 60-இல் வேறு ஆளாகிவிடும். கோடைதானே என்றும் இருக்க முடியாது. 2020 ஆகஸ்டில் எல்லென், பிரான்சிஸ் என்று ஒரே வாரத்துக்குள் இரண்டு புயல்கள். 2023 ஆகஸ்டில் ஆன்டனி, பெட்டி. 2025 ஆகஸ்டில் ஃப்ளோரிஸ். பள்ளி விடுமுறையில் முகாம்கள் நிரம்பி வழியும் மாதம் அது. ஆடிக்காற்று நமக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

எச்சரிக்கை வந்தால் சார்ப்பைப் பகலிலேயே இறக்கிவிட வேண்டும். நள்ளிரவில், மழையில், அரைத்தூக்கத்தில் ஜிப்பைத் திறந்தால் காற்று உள்ளே நிறைந்து, கையிலிருக்கும் துணி பாய்மரமாகிவிடும். காற்று எழுந்த பிறகு கழற்றுவதென்றால் ஜிப்புகளை மூடியே வைத்து, எதிர்க்காற்றுப் பக்க முளைகளை எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பிடுங்குங்கள்.

ஈரத்தோடு மடித்து எடுத்துவர நேர்ந்தால் வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ விரித்துக் காயப்போட வேண்டும். ஒரு வாரம் பையிலேயே கிடந்தால் கரும்பூஞ்சை பிடிக்கும். அந்தப் புள்ளிகள் எந்த மருந்துக்கும் முழுசாகப் போகாது. துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தாலோ நீர்புகாப் பூச்சும் சேர்ந்து போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய தூரிகை போதும். நிழலில் காய்ந்தால் போதும், வெயில் வேண்டாம்.