விரல்நுனி அறியும் அதிர்வு



காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில் செய்யப்படும் தரைக்கற்கள் செட்டிநாட்டு மாளிகைகளுக்கு அழகு தருபவை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, உலர்ந்தபின் நீரில் ஊறவைத்து இவற்றைச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வந்துவிடுகிறது.

அக்கல்லின்மீது விரலை அசையாது வையுங்கள். குளிர்ச்சி தெரியும், வழவழப்பு நன்கு தெரியாது. விரலைச் சற்றே நகர்த்துங்கள், உடனே தெரிந்துவிடும். காரணம் யாது?

விரல் நகரும்போது பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் தோலை அதிரச் செய்கின்றன. தோலின் ஆழத்திலுள்ள பாசினியன் நுண்ணுறுப்புகள் அவ்வதிர்வை மூளைக்கு அறிவிக்கின்றன. நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளை அவை மிக நுட்பமாக உணரும். நுண்ணிய சொரசொரப்பையும் வழவழப்பையும் நாம் அறிவது பெரிதும் அதிர்வின் வாயிலாகவே என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மையை வீடியோ விளையாட்டுக் கருவிகளைச் செய்வோர் பயன்படுத்திக்கொண்டனர். 1976-இல் சேகா நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் விளையாட்டொன்றில், வண்டி மோதினால் கைப்பிடி குலுங்கியது. 1997-இல் நின்டெண்டோ, கன்ட்ரோலரில் செருகும் அதிர்வுப் பெட்டி ஒன்றை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே சோனியின் டூயல்ஷாக் கன்ட்ரோலர், உள்ளேயே இரண்டு மோட்டார்களுடன் வந்தது.

துணி துவைக்கும் யந்திரத்தில் துணிகள் ஒருபுறமாகச் சேர்ந்துகொண்டால் யந்திரமே குலுங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதே தத்துவந்தான் இங்கும். மோட்டாரின் அச்சில் ஒருபுறம் கனத்த எடை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது சுழலும்போது கருவி அதிர்கிறது. பெரிய எடை வெடியின் முழக்கத்தையும், சிறிய எடை மெல்லிய துடிப்பையும் கைக்கு உணர்த்தும். யந்திரத்தில் குறையெனக் கருதப்படும் சமனின்மை இங்கே செய்தியாகிறது!

ஆயின் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. வேகம் கூடினால் வலிமையும் கூடும். ஒன்றை விடுத்து மற்றொன்றை மாற்ற இயலாது. நீங்கள் இவ்வுரையைக் கேட்கும் வானொலியின் ஒலிபெருக்கியிலே காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன அல்லவா? அவ்வமைப்பையே 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரிலும் அமைத்தனர். ஆகவே மழைத்துளி விழுவதும் மணலில் நடப்பதும் வெவ்வேறாகக் கையில் படுகின்றன.

நம் நாட்டிலும் இத்துறையில் ஆராய்ச்சி நடைபெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணன் குழுவினர், மின்விசையால் உராய்வை மாற்றி, தொடுதிரையின் வழவழப்பான பரப்பிலேயே வெவ்வேறு பரப்புகளைத் தொடும் உணர்வைத் தரும் முறையை 2023-இல் அறிவித்தனர். ஆத்தங்குடிக் கைவினைஞர் கண்ணாடியின் வழவழப்பைக் கல்லுக்குத் தருகிறார். இவர்களோ வழவழப்பான திரைக்குச் சொரசொரப்பைத் தர முயல்கின்றனர்!

இஃது வெறும் விளையாட்டன்று. செவிப்புலனற்ற சிறுவன், பகைவன் நெருங்குவதைக் கை அதிர்வால் அறிந்து, தன் தோழருடன் சமமாக ஆடலாம். பார்வையற்ற மாணவிக்குத் திரையிலுள்ள படத்தை விரலால் காட்டும் நாளும் வரலாம். ஒரு புலன் மூடியபோது மற்றொரு புலன் வழிவிடுகிறது. அவ்வழியை அகலப்படுத்தும் பணி உங்களைப்போன்ற இளைஞர்களுக்காகக் காத்திருக்கிறது.