கீரை மேல் குற்றமில்லை

நான் டாக்டருக்குப் படிப்பவன் அல்ல; மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும், "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று என்னிடம்தான் நீட்டுவார்கள்.

போன வருஷம் நீட்டியவர் என் பெரியப்பா. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கினால் ராகிக் கொல்லையில் ராத்திரி முழுக்கக் காவல் இருப்பவர், நாலு படி ஏறவே மூச்சு வாங்கினார். ஹீமோகுளோபின் 6. 'ரத்தம் கம்மி' என்று முருங்கைக்கீரை, பீட்ரூட், டானிக் என ஒரு மாசம் ஓட்டினோம். ஏறவேயில்லை. கடைசியில் பெங்களூர் கித்வாய் ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

சிவப்பணுக்கள் மஜ்ஜையில்தான் உற்பத்தியாகின்றன. ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே தினமும் புதிது வந்தாக வேண்டும். புற்றணுக்களோ மஜ்ஜை முழுக்க இடம் பிடித்துவிடுகின்றன. நம் ஒர்க்‌ஷாப்பில் எல்லா லேத்திலும் வேண்டாத ஜாபே ஓடினால் எப்படி? இரும்பைக் கொண்டுவந்து குவித்து என்ன பயன், லேத் காலியில்லையே!

வேறு காரணங்களும் உண்டு. தட்டணுக்கள் குறைந்து ஈறிலும் குடலிலும் ரத்தம் கசியும். மைலோமா என்ற வகையில் சிறுநீரகம் கெட்டு, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் குறையும். சிலருக்கு உடம்பே தன் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

மருந்தாலும் ரத்தம் குறையும் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1931இல் லூசி வில்ஸ் என்ற அம்மையார், பம்பாயில் கர்ப்பிணிகளின் சோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதை எழுதினார். அதிலிருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்று பிறகு தெரிந்தது. அதைச் செயற்கையாகத் தயாரித்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுக்கூடம். பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது நோய் அதிகமானதாகக் கண்டார். அப்படியானால் எதிர்மருந்து கொடுத்தால்? அதே கூடம் அமினோப்டெரின் செய்து தந்தது; 1948இல், சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதாக ஃபார்பர் வெளியிட்டார். அதன் உறவுக்கார மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஃபோலிக்கைத் தடுத்தால் புற்றணு பட்டினி. கூடவே நல்ல சிவப்பணுவும் பட்டினி!

அதனால்தான் சிகிச்சைக்கு நடுவே ரத்தம் ஏற்றுகிறார்கள். சிவப்பணுவை 42 நாள் வரை வைத்திருக்கலாம். தட்டணு 5 நாள்தான் தாங்கும். கொடுப்பவருக்கு 18 வயது, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். எனக்கு 18 முடிந்த வாரமே போய்க் கொடுத்தேன். வீடு திரும்பியதும் பெரியம்மா தட்டு நிறைய முருங்கைக்கீரை வைத்தார். "இவனுக்காவது ஏறும்" என்றார் பெரியப்பா, கட்டிலில் படுத்தபடியே.