பந்து நிற்கும் இடம்

திருவண்ணாமலையானாலும் மதுரையானாலும் கேரம் பலகையைத் தொடாத வாசகர்கள் குறைவு. அதில் ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு முறையும் நம் பக்கத்துக் கோட்டில் வைத்து அடிக்கிறோம். முன் அடியில் அது எங்கே போய் நின்றது என்ற கவலை நமக்கு இல்லை. பில்லியர்ட்ஸ் அப்படியல்ல. கோலால் அடித்த பந்து எங்கே நிற்கிறதோ, அங்கிருந்தேதான் அடுத்த அடி. ஆகவே ஒவ்வோர் அடிக்கும் இரண்டு வேலைகள் உண்டு. புள்ளி எடுக்க வேண்டும்; பந்தை நல்ல இடத்தில் நிறுத்தவும் வேண்டும்.

இந்த இரண்டாவது வேலையில் கைதேர்ந்தவர் கீத் சேத்தி. 1961 இல் தில்லியில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்தவர். 1985, 1987 ஆகிய ஆண்டுகளில் உலக அமெச்சூர் பட்டம் பெற்றார். பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் மோதி 1992, 1993, 1995, 1998, 2006 என ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார். 1992 போட்டியில், எதிராளிக்கு ஆட்டத்தை விடாமல் ஒரே தொடர்ச்சியாக 1,276 புள்ளிகள் எடுத்தார். அடிக்கு மூன்று புள்ளி என்று கொண்டாலும், தவறாத அடிகள் நானூறுக்கு மேல்!

இது எப்படி முடிந்தது? கூர்மையான கண் மட்டுமா காரணம்?

தூரமும் பிழையும்

பில்லியர்ட்ஸ் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். இரு பந்துகளின் மையங்களுக்கிடையே 1 மீட்டர் தூரம் இருக்கட்டும். நேருக்கு நேர் அடிக்க முயலும்போது குறி 1 பாகை தவறினால், அடிபட்ட பந்து ஏறத்தாழ 18 பாகை விலகி ஓடும். அதே தவறு 21 சென்டிமீட்டர் தூரத்தில் நேர்ந்தால் விலகல் 3 பாகைதான். காரணம் எளிது. தூரம் கூடக்கூட, பந்து பக்கவாட்டில் நகரும் அளவு பெருகுகிறது. உருண்டைகள் தொட்டுக்கொள்ளும் புள்ளியும் மாறிவிடுகிறது.

மனிதக் கையில் சிறு பிழை இருந்தே தீரும். உலக வீரருக்கும் இதில் விலக்கு இல்லை. அதனால்தான் அவர் பந்துகளைச் சிதறவிடாமல் அருகருகே வைத்துக்கொள்கிறார். கடினமான அடி தேவைப்படாதபடி பார்த்துக்கொள்வதே அவருடைய திறமை.

பந்தை நிறுத்துவது எப்படி?

பந்தின் நடுவுக்குக் கீழே கோலால் குத்தினால், அது பின்னோக்கிச் சுழன்றபடியே முன்னே வழுக்கிச் செல்கிறது. சம எடையுள்ள மற்றொரு பந்தை நேராக மோதியதும், தன் வேகத்தை ஏறக்குறைய முழுவதும் அதற்குக் கொடுத்துவிடுகிறது. சுழற்சி மட்டும் மிஞ்சுகிறது. மேசைத் துணியின் உராய்வு அந்தச் சுழற்சியைப் பற்றிக்கொள்ள, பந்து திரும்பி வருகிறது. பந்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கில், அதாவது தரையிலிருந்து சுமார் 37 மில்லிமீட்டரில் கிடைமட்டமாகக் குத்தினால், வழுக்காமல் உடனே உருளும். பிரெஞ்சு விஞ்ஞானி கொரியோலி 1835 இல் இவ்வாட்டத்தின் கணிதத்தை ஒரு நூலாகவே எழுதினார். ஆட்டக்காரர் கணக்குப் போடுவதில்லை. பல்லாண்டுப் பயிற்சியால் அவர் கை அதை அறிந்துகொள்கிறது.

நீங்களும் சோதிக்கலாம். கேரம் காயை ஸ்ட்ரைக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பத்து முறை நேராக அடியுங்கள். பிறகு மூன்று சாண் தூரத்தில் வைத்து அடியுங்கள். எத்தனை முறை காய் நேராகப் போயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். சேத்தி ஏன் பந்துகளைப் பிரியவிடவில்லை என்பது அந்தக் கணக்கிலேயே புலப்படும்.