காவலுக்கு வந்திருக்கும் செயற்கை அறிவு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், வீட்டு வேலைகளுடன் கடைக் கணக்கு, ஜி.எஸ்.டி. பில், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றையும் அதிலேயே வைத்துக் கொள்கின்றனர். இவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அதுதான் ஆர்ட்டிபிஷியல் இன்டலிஜென்ஸ் வந்துவிட்டதே சார், வைரஸ், ஹேக்கர் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக் கொள்ளாதா?” பாதி வேலையை அது நன்றாகவே பார்த்துக் கொள்கிறது என்பதுதான் என் பதில். மீதிப் பாதி நம் கையில்தான் இருக்கிறது. எது அதன் பாதி, எது நம் பாதி என்று இங்கு பார்க்கலாம்.

போட்டோ பார்த்துப் பிடிக்கும் முறை

தொடக்க கால ஆண்ட்டி வைரஸ் புரோகிராம்கள், காவல் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘தேடப்படுவோர்’ படங்களைப் போலச் செயல்பட்டன. ஒரு வைரஸ் பிடிபட்டால், அதற்கே உரிய அடையாளம் ஒன்றை எடுத்துப் பட்டியலில் சேர்ப்பார்கள். இதற்கு சிக்னேச்சர் என்று பெயர். அந்தப் பட்டியல் அப்டேட்டாக நம் கம்ப்யூட்டருக்கு வரும். ஒவ்வொரு பைலும் அதனுடன் ஒப்பிடப்படும்.

பட்டியலில் இல்லாத புதிய திருடன் வந்தால் என்ன ஆகும்? தாராளமாக உள்ளே போய்விடுவான். மால்வேர் எழுதுபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். எனவே ஒரே புரோகிராமை வேஷம் மாற்றி மாற்றி அனுப்பத் தொடங்கினர்.

நடத்தை பார்த்துப் பிடிக்கும் முறை

இங்குதான் கற்றுக் கொள்ளும் புரோகிராம்கள் உதவிக்கு வந்தன. இதற்கு எளிய எடுத்துக்காட்டு, நம் இமெயிலில் உள்ள ஸ்பாம் பில்டர். அமெரிக்காவைச் சேர்ந்த பால் கிரஹாம் 2002 ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரை இந்த முறையைப் பிரபலமாக்கியது. நல்ல கடிதங்கள் ஒரு குவியல், குப்பைக் கடிதங்கள் ஒரு குவியல் எனப் பிரித்துக் கொடுத்தால் போதும். எந்தச் சொல் எந்தக் குவியலில் அதிகம் வருகிறது என்று புரோகிராமே கணக்கிட்டுக் கொள்ளும். புதிய கடிதம் வந்தால், அது எந்தக் குவியலைச் சேர்ந்தது என நிகழ்தகவு மூலம் முடிவு செய்திடும். யாரும் விதிகளை எழுதித் தர வேண்டியதில்லை.

இதே வேலை இப்போது பைல்களுக்கும் அலுவலக நெட்வொர்க்கிற்கும் நடக்கிறது. அக்கவுண்ட்ஸ் பிரிவு ஊழியர் தினமும் காலை 10 மணிக்குச் சென்னையிலிருந்து லாக் இன் செய்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாள் இரவு 2 மணிக்கு அவருடைய பெயரில் வேறொரு நாட்டிலிருந்து யாரோ நுழைந்து, ஆயிரக்கணக்கான பைல்களைக் காப்பி செய்தால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் நடத்தை சரியில்லை. புரோகிராம் உடனே மணி அடிக்கும்.

2018 ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று நடந்ததைப் பாருங்கள். டோபாயில் என்ற ட்ரோஜன் புரோகிராம் ஒன்று, மற்றவர்களின் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக டிஜிட்டல் நாணயம் உருவாக்கும் வேலையைத் தொடங்கியது. முதலில் 80,000க்கும் மேற்பட்ட தாக்குதல் முயற்சிகளும், அடுத்த 12 மணி நேரத்தில் 4 லட்சத்திற்கும் மேற்பட்ட முயற்சிகளும் தடுக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. இவற்றில் 73 சதவீதம் ரஷ்யாவில் நடந்தவை. விண்டோஸில் உள்ள டிபன்டர், அதன் விபரீத நடத்தையைக் கவனித்தது. சர்வர்களில் இயங்கும் மெஷின் லேர்னிங் மாடல்கள் சில மில்லி செகண்ட்களில் அதனைத் தடுக்கத் தொடங்கின. இந்த வேகம் எந்த மனிதருக்கும் வராது.

மணி அடித்தும் எழாத வீடு

ஆனால் மணி அடித்தால் யாராவது எழுந்து பார்க்க வேண்டுமே! அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனத்தில், 2013 ஆம் ஆண்டு இறுதியில் சுமார் 4 கோடி கிரெடிட், டெபிட் கார்டு தகவல்கள் திருடு போயின. சந்தேகமான புரோகிராம்களைத் தனியே இயக்கி, நடத்தையைச் சோதிக்கும் பாதுகாப்பு அமைப்பு அங்கே இருந்தது. அது எச்சரித்தது. பெங்களூருவில் இருந்த கண்காணிப்புக் குழுவும் தலைமையகத்திற்குத் தகவல் அனுப்பியது. ஆனால் உரிய நேரத்தில் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை எனப் பின்னர் தெரிய வந்தது. திருடர்கள் நுழைந்த வழி, அந்த நிறுவனத்திற்கு ஏ.சி. வேலை செய்த ஒரு சிறிய ஒப்பந்தக்காரரின் பாஸ்வேர்ட். “என் கடை சின்னது, என்னை யார் தேடி வரப் போகிறார்கள்?” என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எச்சரிக்கைகள் ஏன் கவனிக்கப்படாமல் போகின்றன? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 10,000 பைல்களைச் சோதிக்கும் புரோகிராம், நூற்றுக்கு ஒன்று தவறாகச் சொன்னால் கூட, 100 பொய் எச்சரிக்கைகள் வரும். அந்த நூறுக்குள் உண்மையானது ஒன்று ஒளிந்திருக்கலாம்.

திருடனுக்கும் அதே கருவி

செயற்கை அறிவு காவலருக்கு மட்டும் சொந்தமில்லை. 2024 ஆம் ஆண்டு தொடக்கத்தில், அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியருக்கு ரகசியப் பணப் பரிமாற்றம் பற்றி ஒரு தகவல் வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார். பின்னர் வீடியோ அழைப்பில் நிதித் துறைத் தலைவரும் மற்ற அலுவலர்களும் பேசியதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை, அதாவது சுமார் 2.5 கோடி அமெரிக்க டாலரை அனுப்பிவிட்டார். திரையில் தெரிந்த முகங்கள் டீப்ஃபேக் முறையில் தயாரிக்கப்பட்டவை. வைரஸ் எதுவும் வரவில்லை. பணத்தை அனுப்பியது உரிய ஊழியர், உரிய கம்ப்யூட்டரிலிருந்து. இதில் ஆண்ட்டி வைரஸ் எதைத் தடுக்கும்?

நாம் செய்ய வேண்டியது

1. விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்ஷன் பிரிவில் மேனேஜ் செட்டிங்ஸ் கிளிக் செய்திடவும். ரியல் டைம் புரொடக்ஷன், கிளவுட் டெலிவர்ட் புரொடக்ஷன் இரண்டும் ஆன் நிலையில் இருக்க வேண்டும். வேறு ஆண்ட்டி வைரஸ் பதிந்திருந்தால் அதில் இதே போன்ற வசதிகளைப் பார்க்கவும்.

2. குப்பைக் கடிதங்களை வெறுமனே அழிக்காமல், ரிப்போர்ட் ஸ்பாம் பட்டனை அழுத்தவும். பில்டருக்கு நீங்கள் எடுக்கும் பாடம் இது.

3. வங்கி மற்றும் இமெயில் கணக்குகளில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை அமைக்கவும். கணக்கு பைல்களின் காப்பி ஒன்றைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைக்கவும்.

4. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதில் பணம் போடுங்கள்” என்று கடிதம், குரல், வீடியோ எதில் வந்தாலும், உங்களிடம் ஏற்கனவே உள்ள பழைய எண்ணிற்கு நீங்களே போன் செய்து கேட்கவும். கடிதத்தில் தரப்பட்ட எண்ணிற்கு வேண்டாம். எழுத்துப் பிழை இல்லாத கடிதம் உண்மையானது என்ற பழைய கணக்கும் இனிச் செல்லாது.

5. பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தும் வாய்ப்பு, தொடக்க நேரத்தில்தான் அதிகம்.

இவற்றுள் ஒன்றை மட்டுமே செய்ய நேரம் இருந்தால் நான் நான்காவதைத்தான் சொல்வேன். அதற்கு எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை. ஒரு போன் அழைப்பு போதும்.